வேலை நிலவரமும் கனிஷ்காவின் கல்யாணமும்

“ஹலோ... சித்தப்பா, நாந்தானுங்க, வர்ஷினி. வெச்சுப்போடாதீங்க. சித்த நேரம் பேசிக்கறனுங்க... ஆமாங்க, கேள்விப்பட்டேன். அதுக்கோசரந்தான் காலையில இருந்து கூப்புட்டுட்டே இருக்கறேன்... ஆமாங்க... ஆமாங்க.”

மதியச் சாப்பாட்டு நேரம். அவிநாசி சாலையில் இருக்கும் அந்தத் தொழில் அமைப்பின் அலுவலகத்தில் மற்றவர்கள் டிபன் டப்பாவைத் திறந்து உட்கார்ந்துவிட்டார்கள். வர்ஷினி மட்டும் ஃபோனை எடுத்துக்கொண்டு பின்பக்கம், ஜெனரேட்டர் அறை ஓரமாக வந்து நின்றிருந்தாள். கருமத்தம்பட்டியில் இருக்கும் சித்தப்பா அப்புசாமி இப்போதுதான் ஃபோனை எடுத்திருந்தார்.

“யாரு சொன்னாங்கங்கறீங்களா... சுரேந்தரேதானுங்க... இல்லீங்க, சண்டைக்கு வர்ல. கோவமா ஒரு வார்த்தை பேசலீங்க. அதுதான் எனக்கு என்னமோ மாதிரி ஆகிப்போச்சு.”

சுரேந்தர், சித்தப்பாவின் ஒரே மகள் கனிஷ்காவுக்கு நிச்சயமான மாப்பிள்ளை. தாராபுரத்துக் குடும்பம். நிச்சயத்துக்கு அடையாளமாக உப்புச் சக்கரை மாற்றி, மண்டபம் பேசி, பத்திரிகைக்கு மாதிரி பார்த்துக்கொண்டிருந்த சமயம். அவன் சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருந்தான். கனிஷ்காவும் சரவணம்பட்டிதான், ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் படித்து நோய்க்கும் வைத்தியத்துக்கும் உரிய குறியீட்டைப் போடும் மெடிக்கல் கோடிங் வேலை. நிச்சயம் ஆன பிறகு, சாயங்காலம் அவளுடைய கம்பெனி வேன் வரும் வரைக்கும் அவனும் சாலையோரம் நின்றுவிட்டுத்தான் போவான். பெரிதாக எதுவும் பேசிக்கொள்வதில்லை என்று கனிஷ்கா சொல்லியிருந்தாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தை வர்ஷினி பார்த்திருந்தாள்.

அந்தச் சுரேந்தர்தான் அன்று காலை அவளை அழைத்து, “அக்கா, பேப்பர்ல நீங்க எழுதுனதுல என்னையப் பத்தி என்னங்க இருக்குது?” என்று கேட்டான். முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் சித்தப்பாவுக்கு ஃபோன் போட ஆரம்பித்தாள்.

வர்ஷினியின் வேலை அது. கோவை வட்டாரத்தில் எந்தக் கம்பெனி ஆள் எடுக்கிறது, எந்த வேலைக்கு ஆள் கிடைக்காமல் தவிக்கிறார்கள், எந்தப் படிப்பை முடித்தவர்கள் வேலையைவிட அதிகமாக இருக்கிறார்கள் என்று விளம்பரங்களைத் திரட்டியும், கம்பெனிகளைக் கேட்டும் மாதா மாதம் தொகுப்பாள். அது ‘வேலை நிலவரம்’ என்ற தலைப்பில் ஒரு நாளிதழின் கோவை இணைப்பில் வரும். பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் பார்த்துப் படிப்பைத் தேர்ந்தெடுக்கட்டும், பயிற்சி மையக்காரர்கள் தேவை அறிந்து ஆள் சேர்க்கட்டும் என்றுதான் அவள் எழுதினாள். இந்த மாதம், மென்பொருள் சோதனை வேலைக்கான விளம்பரங்கள் போன வருஷத்தைவிடப் பாதியாகக் குறைந்திருப்பதாக எழுதியிருந்தாள். சித்தப்பா முந்தின நாள் அதைப் படித்துவிட்டு, தாராபுரத்துக்கு ஃபோன் போட்டு, சம்பந்தியாகப் போகிறவருக்கு அதை வாசித்தும் காட்டி, இந்தச் சம்பந்தம் சரிப்படாது என்று சொல்லிவிட்டார்.

“சித்தப்பா, அது மாப்பிள்ளை பாக்கறதுக்கு எழுதுனது இல்லீங்க... இல்லீங்க, பொய்யின்னு நா சொல்லலீங்களே. நெசந்தான்... எழுதுனது நெசம். நீங்க அதுல எடுத்துக்கிட்டதுதான் வேற... கொஞ்சம் கேளுங்க. விளம்பரம் கொறஞ்சிருக்குதுன்னா, புதுசா ஆள் எடுக்கறது கொறஞ்சிருக்குதுன்னு அர்த்தமுங்க. உள்ள இருக்கறவங்கள வெளிய அனுப்பறாங்கன்னு அர்த்தமில்ல... ஆமாங்க. ரெண்டும் வேற வேறங்க... அப்படி இல்லீங்க... இல்லீங்க சித்தப்பா.”

அப்புசாமி அவிநாசியில் ஒரு தேங்காய் மண்டியில் கணக்குப் பார்க்கிறவர். காலையில் பேப்பரை எடுத்தால் முதலில் பார்ப்பது விலை நிலவரம். அதை வைத்துத்தான் காயை இறக்கி விற்பதா, நிறுத்திவைப்பதா என்று முதலாளிக்குச் சொல்வார். அவருக்கு வேலை நிலவரமும் அதுபோலத்தான் பட்டிருந்தது.

“தேங்காய்க்கு அது சரிங்க. வெல எறங்குச்சுன்னா களத்துல கெடக்கற காய்க்கெல்லாம் எறங்கிப்போகும். ஆளுக அப்படி இல்லீங்களே... ஒரு கம்பெனியில பத்துப் பேரு இருந்தா பத்துப் பேரும் ஒரே மாதிரியா இருப்பாங்க? நா எண்ணுனது விளம்பரத்தத்தானுங்க. சுரேந்தர நா எண்ணல... அவரப் பத்தி அதுல ஒரு எழுத்துக் கூட இல்ல... இல்லீங்க, சொந்தம்னு பரிஞ்சு பேசல. உங்களுக்குத்தானுங்க நா சொந்தம்.”

மறுமுனையில் பேச்சு நீண்டது. வர்ஷினி ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அவர் எங்கே போகிறார் என்று தெரிந்ததும் அவள் குரல் இறங்கிவிட்டது.

“தெரியுங்க... தெரியுங்க சித்தப்பா... சித்திய நா மறப்பனுங்களா... உம்... உம்.”

சித்தப்பா ஒரு காலத்தில் நூல் மில்லில் இருந்தவர். ஒருநாள் காலை ஷிப்டுக்குப் போனபோது கேட் பூட்டியிருந்தது. மில்லை மூடப்போவது முதலாளிக்குத் தெரியும், பஞ்சு கொடுத்த வியாபாரிக்குத் தெரியும், நூல் வாங்குகிறவனுக்குத் தெரியும். உள்ளே நின்று நூற்றுக்கொண்டிருந்தவர்களுக்கு மட்டும் தெரியாது. முந்தின வாரம்தான் இன்னொரு மில்லில் மேஸ்திரி வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். இருக்கிற இடம் நன்றாகத்தானே இருக்கிறது என்று மறுத்துவிட்டு வந்திருந்தார். அதற்குப் பிறகு வீட்டில் அடுப்பெரிய, சித்தி திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேனில் போய்வந்தாள். வயிற்றில் கட்டி இருப்பதை யாரிடமும் சொல்லாமல், லீவு போட்டால் வேலை போய்விடுமென்று போய்வந்தாள். கனிஷ்கா பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் சித்தி போய்ச் சேர்ந்துவிட்டாள். ‘யாராச்சும் ஒருத்தர் முன்னாடியே சொல்லியிருந்தா’ என்பது அன்றிலிருந்து அவர் வாயில் தங்கிவிட்ட வார்த்தை.

இப்போது முதல் முறையாக ஒரு காகிதம் முன்னாடியே சொன்னது. அதுவும் சொந்த அண்ணன் மகள் எழுதிய காகிதம். அவர் நம்பியதை எப்படிக் குற்றம் சொல்வது என்று வர்ஷினிக்குத் தெரியவில்லை.

“நீங்க பயந்தது தப்புன்னு நா சொல்லவே மாட்டனுங்க... அவளும் சித்தி மாதிரி கஷ்டப்பட்டுப்போடக் கூடாதுன்னுதான... ஆமாங்க... புரியுதுங்க. முன்னாடியே தெரியணும்னுதான் நானும் எழுதறேன். தெரிஞ்சு, ஒருத்தரு புதுசா ஏதாச்சும் கத்துக்கட்டும், தயாரா இருக்கட்டும்னு. இருக்கறத அறுத்துட்டுப் போறதுக்கு இல்லீங்க.”

அவர் வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில் தறி ஓடும் சத்தம் மட்டும் ஃபோனில் கேட்டது. அவர் கேட்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. அந்தத் தைரியத்தில்தான் அடுத்ததைச் சொன்னாள்.

“அந்தப் பேப்பர் ஊட்டுல இருக்குதுங்களா?... எடுங்க. கண்ணாடியப் போட்டுக்கங்க. ஃபோன ஸ்பீக்கர்ல போட்டுக் கீழ வெச்சுக்கங்க... கனிஷ்கா வேலைக்குப் போகலீங்களா இன்னைக்கு... சரிங்க. அவளையே போடச் சொல்லுங்க... கேக்குதுங்க, நல்லாக் கேக்குது. சோதனை வேலைன்னு தடிச்ச எழுத்துல இருக்குதுங்களா... ஆமாங்க, அது நீங்க படிச்சாச்சு. அது அங்க முடியல. கீழ நகைக்கடை விளம்பரம் வருது பாருங்க, அதுக்கு மேல, பக்கத்துப் பத்தியில தொடருது... ‘ஆனால்’னு ஆரம்பிக்குதா? அதப் படிங்க.”

அவர் எழுத்துக்கூட்டி உரக்கப் படிப்பது கேட்டது. வர்ஷினியும் மனப்பாடமாகக் கூடவே சொன்னாள்.

“‘ஆனால் அனுபவம் உள்ளவர்களுக்கும், தானாகச் சோதிக்கும் நிரல்களை எழுதத் தெரிந்தவர்களுக்கும் தேவை குறையவில்லை.’ அதுதானுங்க சித்தப்பா. சுரேந்தர் இப்ப அந்த வேலையத்தான் செய்யறாரு. கம்பெனியிலயே அதுக்கு மாத்திட்டாங்களாமா. கனிஷ்காவுக்கே தெரியும், கேட்டுப்பாருங்க... நீங்க கேக்கவே இல்லையா அவகிட்ட?... சரி, சரி விடுங்க. நடந்தது நடந்துபோச்சு.”

மறுபக்கம் ஒரு இருமல். பிறகு அவர், தாராபுரத்தில் மறுபடி கேட்டுப்பார்க்கலாமா என்று மெதுவாகக் கேட்டார். வர்ஷினியின் தோள் முதல் முறையாகத் தளர்ந்தது. சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“கேட்டுப்பாக்கலாமுங்க. ஏன் கேக்கக் கூடாது... தப்பாப் புரிஞ்சுக்கிட்டனுங்கன்னு சொன்னாப் போச்சு. அதுல என்னங்க கௌரவக் குறைச்சல். நானும் வாரனுங்க. ஞாயித்துக்கெழமை ரெண்டு பேருமே தாராபுரத்துக்குப் போயி... ஆமாங்க, நானே பேசறேன். எழுதுனவளே வந்து சொன்னா அவங்களுக்கும்... சித்தப்பா? என்ன படிக்கறீங்க?... போதுங்க, அவ்வளவுதான். அதுக்கு மேல வேற வேலையப் பத்தி...”

அவர் படிப்பதை நிறுத்தவில்லை. விலை நிலவரத்தையும் அவர் அப்படித்தான் படிப்பார். எடுத்தால் கடைசி வரிக்குப் போகாமல் மடிக்க மாட்டார். போன முறை முடிந்துவிட்டதென்று பாதியில் நிறுத்தியதால்தானே இத்தனையும் என்று நினைத்தாரோ என்னவோ, இப்போது ஒரு வார்த்தை விடாமல் படித்துக்கொண்டு போனார்.

“சித்தப்பா, அது வேண்டாங்க. ஃபோன எடுத்துக் காதுல வெய்யுங்க... ஸ்பீக்கர அமத்துங்க சித்தப்பா. கனிஷ்கா, ஃபோன எடு கண்ணு... சித்தப்பா, நாஞ் சொல்றதக் கேளுங்க.”

அடுத்த பத்தி மெடிக்கல் கோடிங். சீட்டுகளைப் படித்துக் குறியீடு போடும் வேலையைக் கம்ப்யூட்டரே செய்யத் தொடங்கிவிட்டது, கோவையில் அதற்கான விளம்பரங்கள் மாதத்துக்கு மாதம் சுருங்குகின்றன, இருக்கிற ஆட்களையும் சில இடங்களில் குறைக்கிறார்கள் என்று இருந்தது. எழுதி முடித்த அன்று, அந்தப் பத்திக்கும் ‘ஆனால்’ என்று தொடங்கும் ஒரு வரி கிடைக்குமா என்று வர்ஷினி தேடிப்பார்த்தாள். தெரிந்த கம்பெனிகளுக்கெல்லாம் ஃபோன் போட்டுக் கேட்டாள். பேப்பரில் போடும் அளவுக்கு எதுவும் கிடைக்கவில்லை. இல்லாததை எழுத முடியாதே என்று அப்படியே அனுப்பிவிட்டாள்.

எதிர்ப்புறம் வாசிப்பு நின்றது. யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். பிறகு ஃபோன் கைமாறியது.

“கண்ணு... ஆமா, நாந்தான்... உம்... உம், தெரியும். எழுதறப்பவே தெரியும்... சொல்லாம இருக்கணும்னு இல்ல அம்மணி. கல்யாணம் ஆகட்டும், அப்பறம் நிதானமா உக்காந்து பேசலாம்னு இருந்தேன்... ஆமா. தப்புத்தான்... ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டு உனக்குச் சொல்லல. ஆமா.”

கனிஷ்கா அழவில்லை. அழுதிருந்தால் வர்ஷினிக்குப் பேச ஏதாவது கிடைத்திருக்கும்.

“உன்ற கம்பெனியப் பத்தி எனக்கு ஒண்ணுந் தெரியாது கண்ணு. அது மொத்தத்துக்கும் போட்ட கணக்கு... ஆமா, அதையேதான் உங்கப்பாகிட்டயும் சொன்னேன்... அப்பா எங்க?... உக்காந்துட்டாரா. தண்ணி குடு... குடுத்துட்டியா. சரி... கண்ணு, அப்பா தாராபுரத்துக்குப் பேசறங்கறாரு. ஞாயித்துக்கெழமை நானும் வாரேன்... ஏன் வேண்டாங்கற?... என்ன சேலை?”

அதைக் கேட்டதும் வர்ஷினி சுவரிலிருந்து விலகி நிமிர்ந்தாள்.

“எப்ப?... காலையிலயேவா? யாரு வந்தாங்க... அவங்க பெரியப்பாவா. சேலை, தோடு, எல்லாத்தையுமா வாங்கிட்டுப் போனாரு... உள்ள வந்து உக்காரக்கூட இல்லையா... சுரேந்தர் எங்கிட்ட இதச் சொல்லலையே கண்ணு... உம்... உம்... சுரேந்தரே அனுப்புனாரா, ஊட்டுல அனுப்புனாங்களா?... தெரியலையா. நீ கேக்கலாமல்ல.”

அன்று காலை சுரேந்தரின் பெரியப்பா வந்திருந்தார். நிச்சயத்தன்று பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு எடுத்த வேட்டியையும் மோதிரத்தையும் திருப்பிக் கொண்டுவந்திருந்தார். அவற்றை வைத்துவிட்டு, அவர்கள் தட்டில் வைத்துக் கொடுத்த அரக்குச் சேலையையும் தோட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருந்தார். சித்தப்பா அப்போது மண்டியில் இருந்தார்; மதியம் வீட்டுக்கு வந்தபோதும் அவருக்குத் தெரியாது. பீரோவைத் திறந்து, மடிப்புக் கலையாத சேலையை எடுத்துக் கொடுத்தது கனிஷ்காதான். அதனால்தான் அவள் வேலைக்குப் போகவில்லை.

“நீயேவா எடுத்துக் குடுத்த... அய்யோ கண்ணு... சரி. இருந்தாலும் பேசிப் பாக்கலாம். பெரியவங்க கோவத்துல செய்யறதுதான். ரெண்டு நாள் போனா... ஏன்? ஏன் கூடாதுங்கற?... உம்... சொல்லு.”

கனிஷ்கா நிதானமாகப் பேசினாள்.

“...உம்... அப்படி நெனைக்க மாட்டாங்க கண்ணு... இல்ல, உங்கப்பா அதுக்கோசரம் போயிக் கேக்கலயே. இதப் படிக்கறதுக்கு முன்னாடியே கேக்கறேன்னுட்டாரு. நானே கேட்டேன்... ஆமா. அவங்களுக்கு அது தெரியாதுதான்... ஆமா. அதே பேப்பர்தான் அவங்க ஊட்டுலயும் இருக்கும்... ஆமா கண்ணு, படிச்சிருப்பாங்க.”

அவள் சொன்னதில் தவறு இல்லை. நேற்று மாப்பிள்ளையின் வேலை போய்விடும் என்று சொல்லி அறுத்தவர்கள், இன்று பெண்ணின் வேலை போய்விடும் என்று தெரிந்ததும் திரும்பி வந்து நிற்கிறார்கள் என்றுதான் தாராபுரத்தில் பேசுவார்கள். அப்பா அங்கே போய்த் தலை குனிந்து நிற்பதைப் பார்க்கத் தன்னால் ஆகாது என்கிறாள் கனிஷ்கா. சுரேந்தருக்குத் தன்மேல் பரிதாபம் வந்து அவன் கட்டிக்கொள்வது அதைவிட ஆகாது என்கிறாள்.

“சரி கண்ணு... சரி. நா அவங்ககிட்டப் பேசல. உம்மேல சத்தியமாப் பேசல... அப்பாகிட்டயும் சொல்றேன்... சாப்புட்டியா நீ?... என்ன கேட்ட?... இப்பவா?... இல்ல, சொல்றதுக்கு என்ன. நீ இப்ப இருக்கற நெலமையில அத எதுக்குன்னுதான்... சரி. சரி, சொல்றேன்.”

கனிஷ்கா கேட்டது இதைத்தான்: இந்த வேலை போனால் நான் என்ன செய்யட்டும்? முகம் தெரியாத எத்தனையோ பேர் அலுவலகத்துக்கு ஃபோன் செய்து கேட்கும் அதே கேள்வி. தன் குரல் மெல்ல மெல்ல அலுவலகக் குரலாக மாறுவது வர்ஷினிக்கே கேட்டது. நிறுத்த முடியவில்லை. ஒழுங்காகச் சொல்வதைத் தவிர அந்தப் பெண்ணுக்குக் கொடுக்க அவளிடம் வேறு எதுவும் இல்லை.

“கம்ப்யூட்டர் போட்ட குறியீடு சரியான்னு பாக்கறதுக்கு ஆள் கேக்கறாங்க. தணிக்கை மாதிரி. அதுக்கு உன்ன மாதிரி அனுபவம் வேணும். ஒரு பரிச்சை எழுதணும்... உம். ஆனா அதுல எடம் கொஞ்சந்தான். எல்லாருக்கும் பத்தாது... ஆமா, பொய் சொல்லக் கூடாதுல்ல... இன்னொண்ணு, ஆஸ்பத்திரியிலயே இன்சூரன்ஸ் பாக்கற எடம். கோயமுத்தூர்ல அதுக்கு நெறையக் கேக்கறாங்க. நோயாளிக ஊட்டுக்காரங்களோட உக்காந்து பேசணும், கம்பெனிக்கு எழுதணும். சம்பளம் இப்ப நீ வாங்கறதவிடக் கொறைவா இருக்கும்... ஆமா, நைட் ஷிப்டும் வரும்... எழுதிக்கறியா? மெதுவாச் சொல்லட்டுமா... உம்... இப்பவே வேலைய விட்டுப்போடாத. உள்ள இருந்துட்டே பரிச்சைக்குப் படி... உம்... ஆமா... உம்.”

மறுமுனையில் பேனா ஓடும் சத்தம் கேட்டதோ, அவளுக்கு அப்படித் தோன்றியதோ. அலுவலகத்துக்குள்ளிருந்து யாரோ வர்ஷினியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“அவ்வளவுதான் கண்ணு இப்போதைக்குத் தெரியறது. சாயங்காலம் நேர்ல வாரேன்... வர வேண்டாமா... சரி, நாளைக்கு. அப்பாவப் பாத்துக்க. ஒண்ணுஞ் சொல்லிப்போடாத அவர... உம்... கேளு. என்ன, கேளு கண்ணு.”

கனிஷ்கா கேட்டபோது குரல் மிகவும் சின்னதாக வந்தது. வர்ஷினி கண்ணை மூடிக்கொண்டாள்.

“சுரேந்தரா... நல்லா இருப்பாரு கண்ணு. அவரு வேலைக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது... இல்ல, இல்ல. இது பேப்பர்ல போடற நெலவரம் இல்ல. காலையில எங்கிட்டப் பேசுனாருல்ல, கோவமே படாம... அந்த மனுசனப் பாத்துச் சொல்றேன். எங்க போட்டாலும் பொழச்சுக்குவாரு... நீயும்தான். ரெண்டு பேருமே... கேக்குதா? கண்ணு... ஹலோ... கனிஷ்கா.”

தறிச் சத்தமும் நின்றிருந்தது. ஃபோன் எப்போது வைக்கப்பட்டது, அவள் எதுவரைக்கும் கேட்டாள் என்று வர்ஷினிக்குத் தெரியவில்லை.